ஜூன் 12, மார்ச் 31

சட்டமன்றத்துக்குப் போகும் விவசாயி, பேசக் கற்றுக்கொள்ளும் முன் தேதி கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள். குறுவை, சம்பா, தாளடி மூன்றும் இந்த இரண்டு தேதிகளை நம்பித்தான். அரசாங்கத்துக்கு வேறு கணக்கு. அதன் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. முதலில் நிதிநிலை அறிக்கை, பிறகு மானியக் கோரிக்கை, பிறகு அறிவிப்பு, அரசாணை, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி. நெற்பயிர் இதில் எதற்கும் காத்திருக்காது. ஐந்தாண்டு உறுப்பினராக இருந்து என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அரசாங்கத்தின் தேதியைப் பயிரின் தேதிக்கு இழுத்துக்கொண்டு வரப் பார்த்தேன்.

நான் வெண்ணாற்றுக் கடைமடைக்காரன். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரியும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் இன்னொரு முறை பிரியும். மேலே ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குகிறார்கள் என்பதில்தான் கீழே எங்கள் நாற்றங்காலின் உயிர் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கிழக்கே இயக்கு அணை, அதைத் தாண்டினால் கடல்முகம். ஆற்றில் நல்ல தண்ணீர் வராத வருடம் உப்புத் தண்ணீர் மேலேறி வரும். கிணறு வெட்டிக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

அப்பா காலத்தில் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் கோயில் நிலக் குத்தகை. எனக்கும் அதேதான் வந்தது. பாசனதாரர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். முறைப்பாசனம் வைத்த வருடங்களில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரோடு ராத்திரி மதகில் நின்று, எங்கள் முறைத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை அடி ஓடியது, எப்போது நின்றது என்று நோட்டில் எழுதி வைப்பேன். மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர் நாள் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போவேன். மற்றவர்கள் கோபமாகப் பேசுவார்கள், நியாயமான கோபம். நான் நோட்டைப் பிரித்துப் படிப்பேன். அதிகாரிகள் பதில் சொல்லித் தீர வேண்டியிருந்தது. 2011 தேர்தலில் கட்சி வேட்பாளர் தேடியபோது என் பெயர் அடிபட்டதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். எந்தக் கட்சி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

ஜெயித்த வருடம் மேட்டூர் ஜூன் 6-ஆம் தேதியே திறந்துவிட்டது. ஊரே என்னை ராசிக்காரன் என்றது. மறு வருடம் ஜூன் 12 வந்தது, போனது. 2012-இல் அணை திறந்தது செப்டம்பர் 17. அடுத்த வருடம் ஆகஸ்ட் 2, அதற்கடுத்து ஆகஸ்ட் 15, பிறகு ஆகஸ்ட் 9. முதல் வருடம் போக, என் காலம் முழுக்க ஆற்றுத் தண்ணீரில் குறுவையே இல்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரி. அது மத்திய அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரி. ஆறு வருடம். ஒரு குறுவைக்கு விதைநெல் கடன் வாங்கியவனுக்கு ஆறு வருடம் என்றால் என்ன என்று சட்டமன்றத்தில் சொல்ல ஆள் வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

சென்னையில் தங்கியது அரசினர் தோட்டத்தில் உள்ள உறுப்பினர் விடுதி. அந்தத் தோட்டத்துக்கு ஓமந்தூராரின் பெயர். திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் 1895-இல் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அந்த நாளில் முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். 1949 ஏப்ரல் வரை, இரண்டு வருடம்தான் பதவி. அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். பதவியை விட்டபின் கடைசியில் வடலூரில் வள்ளலார் பணியில் அமர்ந்துவிட்டார். விவசாயிக்கு நிர்வாகம் வராது என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஒரு குடியானவர் கையெழுத்தில்தான் இந்த மாகாணத்தில் ஜமீன்கள் போயின. அவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையச் சொல்ல வேண்டும்.

முதல் கூட்டத்தொடரில் காவிரியைப் பற்றி முழுமூச்சாகப் பேச எனக்கு ஆசை. மூத்த உறுப்பினர் ஒருவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், தாழ்வாரத்தில் தோளில் கை போட்டுச் சொன்னார்: "தம்பி, காவிரியைப் பத்திப் பேச இங்க இருநூறு பேர் இருக்காங்க. உங்க ஊரு மதகைப் பத்திப் பேச நீங்க ஒருத்தர்தான்." அந்த ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் அது.

கேள்வி கேட்பது ஒரு தொழில். "கடைமடைக்குத் தண்ணீர் வர அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று எழுதிக் கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வரும். இன்ன ஆற்றில் இன்ன மைலில் இருக்கும் இயக்கு அணையில் எத்தனை ஷட்டர் துருப்பிடித்திருக்கிறது, மதிப்பீடு எந்தத் தேதியில் மேலே போனது, இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால், பதில் தயாரிக்க யாராவது ஒருவர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். கோப்பு திறந்தால் தொலைபேசி மணி அடிக்கும், இளநிலைப் பொறியாளர் இடத்துக்குப் போய் அளப்பார். அந்தக் கேள்வி அவையில் எடுக்கப்படாமலே போகலாம். வேலை பாதி நடந்திருக்கும். கேள்வி நேரத்தில் என் பெயர் எத்தனை முறை வந்தது என்று பத்திரிகைக்காரர்கள் எண்ணினார்கள். என் கணக்கு வேறு.

2012 கோடையில் குறுவைக்கு அரசு ஒரு சிறப்புத் தொகுப்புத் திட்டம் கொண்டுவந்தது. பம்புசெட்டுக்குக் கூடுதல் நேரம் மும்முனை மின்சாரம். மேல்பகுதி விவசாயிகளுக்கு அது உண்மையிலேயே கைகொடுத்தது, மறுப்பதற்கில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் கொடுத்து என்ன செய்ய? மோட்டார் போட்டால் உப்புதான் ஏறும். டெல்டா என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் தஞ்சாவூரும் தலைஞாயிறும் ஒன்றாகிவிடும். மானியக் கோரிக்கை விவாதத்தில் எனக்குக் கிடைத்த சில நிமிடங்களை இதற்கே செலவழித்தேன். கடைமடைக்கென்று தனிக் கணக்கு வேண்டும், நாற்று விட முடியாத நிலத்தில் புழுதி விதைப்புக்கு உதவி வேண்டும், நிலத்தடி நீரை நம்பிய திட்டம் எங்களுக்கு ஆகாது. அதிகாரிகள் மாடத்தில் இருந்து ஒருவர் குறிப்பெடுத்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

தூர்வாருவது பற்றி எல்லோரும் கோடையில் பேசுவார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே தூர். நான் என் தொகுதியில் வாய்க்கால் பார்ப்பதை அடைமழை நாட்களில்தான் வைத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தந்த ஊர் விவசாயி ஒருவரோடு கரையில் நடப்பது. நெய்வேலிக் காட்டாமணக்கு எங்கே அடைத்திருக்கிறது, ஆகாயத்தாமரை எந்தப் பாலத்தில் சிக்கி நிற்கிறது, எந்தக் குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் வயலைவிட உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். கடைமடையில் பாசன வாய்க்காலைவிட வடிகால் முக்கியம். தண்ணீர் வராமல் கெட்ட பயிரைவிட வடியாமல் அழுகிய பயிர் எங்கள் பக்கம் அதிகம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து பிரியும் ஏ-யும் அதிலிருந்து பிரியும் பி-யும் பாசனப் பொறியாளர்கள் பொறுப்பு. வயலுக்குள் போகும் சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. ஒரு வருடம் மேலே தூர்வாரி, கீழே விட்டுவிட்டால் தண்ணீர் வந்து வாசலில் நிற்கும், வயலுக்குள் ஏறாது. இரண்டுக்கும் மதிப்பீடு ஒரே நேரத்தில் போக வேண்டும். நவம்பரில் பட்டியல் எடுத்து, பொங்கலுக்குள் இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் வரவு செலவில் இடம் கிடைக்கும். மார்ச்சுக்குள் பணம் உறுதியானால் ஏப்ரல், மே இரண்டு மாதம் வேலைக்குக் கிடைக்கும். மே கடைசியில் அரசாணை வந்தால், பொக்லைன் இறங்கும் நேரத்தில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை எனக்கு எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. நாற்று விடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகியவனுக்கு அது தானாக வந்தது.

கொள்முதல் நிலையம் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். ஒரு தை மாதத்து ராத்திரி, ஒரு நிலையத்தில் கொள்முதல் நின்றுபோனதாகச் செய்தி வந்து போனேன். களத்தில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. தார்ப்பாய் மேல் பனி இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே வைக்கோல் பரப்பிப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, "ஈரப்பதம் 18-க்கு மேல காட்டுதாம் ஐயா. நாளைக்குக் காய வச்சா நாளைக்கி ராத்திரி பனி பேயுது. எந்த நாளு 17 வரும்?" என்றார். 17 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. அதைத் தளர்த்த மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போக வேண்டும். குழு வந்து, உத்தரவு வந்து சேரும் வரை நெல் களத்தில்தான். பட்டியல் எழுத்தர் பருவகாலப் பணியாளர், சின்னப் பையன். அவனை ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு திட்டிக்கொண்டிருந்தார்கள். தனியே அழைத்துக் கேட்டேன். "சார், நான் 18-ல எடுத்துட்டா கிடங்குல காஞ்சு எடை குறையும். குறைஞ்ச எடைக்கு என்கிட்டதான் பிடிப்பாங்க" என்றான். அவன் சொன்னதும் உண்மை.

அன்றைக்கு நிலையம் நின்றதற்கு ஈரப்பதம் மட்டும் காரணமில்லை. ஏற்கெனவே வாங்கி அடுக்கிய 40 கிலோ சிப்பங்கள் லாரி வராமல் கொட்டகை நிறையக் கிடந்தன. புதிதாக வாங்கி வைக்க இடமில்லை. விவசாயி எழுத்தரைத் திட்டுகிறார், எழுத்தர் மேலே சொல்கிறார், மேலே இருப்பவர் லாரி ஒப்பந்ததாரரைச் சொல்கிறார். நான் அன்று ராத்திரியே லாரி இயக்கத்தைப் பார்க்கும் அதிகாரியிடம் பேசினேன். விடிகாலையில் லாரிகள் வந்தன. பத்து மணி வெயில் ஏறியதும் பெரியவரின் நெல் 17-க்கு இறங்கியது. சாக்குப் பிடித்து எடை போட்டார்கள். அதற்குப் பிறகு எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் கொட்டகையில் எத்தனை சிப்பம் கிடக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

விலையிலும் தேதிதான். கொள்முதல் பருவம் அப்போது அக்டோபர் 1-இல் தொடங்கியது. 2012-இல் செப்டம்பர் 30 வரை சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய், மறுநாள் 1,250. ஆழ்குழாய்த் தண்ணீரில் குறுவை வைத்து செப்டம்பரில் அறுத்தவர்கள் பழைய விலைக்குப் போட்டார்கள். ஒரே நெல், ஒரே களம், ஒரு நாள் இடைவெளி, 170 ரூபாய் வித்தியாசம். பருவத்தை செப்டம்பர் 1-இல் தொடங்க வேண்டும் என்று நாங்கள் பல பேர், பல கட்சிக்காரர்கள் கேட்டோம். அது 2022-இல் வந்தது. அப்போது நான் உறுப்பினர் இல்லை. யார் காலத்தில் வந்தால் என்ன, வந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம்.

என் வேலையை மாற்றிய கேள்வி ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். ஆறு வறண்ட ஒரு வருடம், நிலத்துக்காரர்களுக்கு நிவாரணம் அறிவித்த சமயம். காலையில் மனு வாங்கிக்கொண்டிருந்தேன். நடவுக்குப் போகும் அக்கா ஒருவர், மனு எதுவும் இல்லாமல் வந்து நின்றார். "நடவு இல்லாததுக்கு நெலத்துக்காரங்களுக்குப் பணம் எழுதுனீங்க தம்பி. நடவு இல்லன்னா எங்களுக்கும்தானே கூலி இல்ல? எங்களுக்கு என்ன எழுதுனீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் அவரை அடக்கப் பார்த்தார்கள். நான் உட்காரச் சொன்னேன்.

கீழ்வெண்மணி இருக்கும் மண் எங்களுடையது. 1968 டிசம்பர் 25-இல் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலிக்குக் கூட ஒரு படி நெல் கேட்டதில் மூண்ட பகை அது. மறு வருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்த மண்ணிலிருந்து விவசாயி என்று சொல்லிக்கொண்டு கோட்டைக்குப் போகிறவன், வரப்பு மேல் நிற்பவனுக்கு மட்டும் பேசினால் அது பாதிப் பேச்சு. சேற்றில் நிற்பவருக்கும் பேச வேண்டும். தண்ணீர் வராத மாதங்களில் நூறு நாள் வேலையைக் கூடுதலாகத் திறக்க வேண்டும், அந்த வேலையில் ஊர் வாய்க்கால்களை எடுக்க வேண்டும் என்று மாவட்டக் கூட்டங்களில் விடாமல் கேட்டதற்கு அந்த அக்காதான் காரணம்.

குத்தகைக்காரர் கதையும் இப்படித்தான். நிவாரணமும் காப்பீடும் கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலைப் பார்த்து வருகின்றன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. பதிவு செய்ய நிலத்துக்காரர் சம்மதிப்பதில்லை, குத்தகைக்காரர் வற்புறுத்தத் துணிவதில்லை. வாய்மொழிக் குத்தகையில் வியர்வை ஒருவருடையது, வங்கிக் கணக்கு வேறொருவருடையது. இதை என்னால் தீர்க்க முடியவில்லை. சில ஊர்களில் கிராம நிர்வாக அலுவலரையும் இரண்டு தரப்பையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துச் சாகுபடிச் சான்று வாங்கிக் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான். எந்த அரசு வந்தாலும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

சங்கம் வேறு, தேர்தல் வேறு என்பதை என் தலைமுறைக்கு முன்பே விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காட்டிவிட்டார். கோவை வையம்பாளையத்துக்காரர். அவர் கூப்பிட்டால் மாட்டுவண்டிகள் நகரத்தை நிறைத்தன. மின்கட்டணப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களை நினைத்து இன்றும் ஜூலை 5-ஐ உழவர் தியாகிகள் தினமாக வைத்திருக்கிறோம். 1982-இல் அவர் கட்சி தொடங்கினார். சாலையில் ஒன்றாக நின்ற கூட்டம் வாக்குச்சாவடிக்குள் சாதியாகவும் பழைய கட்சியாகவும் பிரிந்தது. 1984 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவர் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். 1990-இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானதற்குப் பின்னால் அவர் திரட்டிய பலம் இருக்கிறது. ஆனால் விவசாயிகள் ஓட்டு என்று ஒன்று தனியாக இல்லை, அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

நான் கோட்டையில் இருந்த நாட்களில் வயலைப் பார்த்தது என் மனைவி. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண்ணில் மெழுகு பதம் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிக்க வேண்டும். பதம் தப்பினால் முளைக்காது. சட்டமன்றம் கூடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஒரு வருடம்கூட அவர் பதத்தைத் தவறவிட்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து, மனுவை வாங்கி, "சர்வே நம்பர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டு வாங்கி வைத்ததும் அவர்தான். 2016-இல் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த ஆடியிலிருந்து மறுபடி நான் வயலில்.

இப்போதும் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போகிறேன், நோட்டோடுதான். இதைப் படிக்கும் விவசாயிகளிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவுதான். மனுவில் வாய்க்காலின் பெயரும் சர்வே எண்ணும் தண்ணீர் நின்ற தேதியும் எழுதுங்கள். தூர்வாரும் பட்டியலை நவம்பரிலேயே கொடுங்கள். காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு உங்கள் ஊரில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் போடும்போது நாலு பேராவது கூட நில்லுங்கள், அந்தக் கட்டத்து நெல்லை வைத்துத்தான் ஊர் முழுமைக்கும் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. கூலிக்கு வருகிறவர்களையும் குத்தகைக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது உங்கள் ஊரில் ஷட்டர் கணக்குத் தெரிந்த ஒருவரை, ஆணோ பெண்ணோ, நிற்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், என்னிடம் அனுப்பி வையுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.